உரம் சலிக்கிற வேலையில் அம்மாவுக்கு இருமல், இளைப்பு: எந்த மாஸ்க் வாங்கித் தரலாம்?

கேள்வி: கடைக்குட்டி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

அம்மாவுக்கு 46 வயது. வடசென்னையில் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கீழ் தூய்மைப் பணியாளர். பல வருடம் பேட்டரி வண்டியில் தெருத் தெருவாகப் போய்க் குப்பை வாங்கினார். முட்டி வலி அதிகமானதும் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கேட்டு, போன வருடம் உரம் தயாரிக்கிற மையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். வெயிலில் அலைய வேண்டாம், தலைக்கு மேலே ஷெட் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

மார்க்கெட் கழிவையும் ஹோட்டல் கழிவையும் அங்கே தொட்டிகளில் கொட்டி மக்க வைக்கிறார்கள். அதைப் புரட்டிவிடுவது, மக்கியதைத் தார்ப்பாயில் பரப்பிக் காயவைப்பது, சல்லடையில் சலித்து மூட்டை பிடிப்பது, இதுதான் அம்மாவின் வேலை. சலித்துவிட்டு வருகிற நாளில் புருவமும் காது மடலும் பழுப்பாக இருக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது.

சில மாதமாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறார். சலித்த நாளில் ராத்திரி உடம்பு அனலாகக் கொதிக்கிறது, குளிர் எடுக்கிறது, கை கால் எல்லாம் வலி என்கிறார். விடிந்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி எழுந்து வேலைக்குப் போகிறார். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள்கிழமை காலையில் நன்றாகத்தான் இருக்கிறார். வெள்ளி, சனி வந்தால் தூங்கவிடாத இருமல். பக்கத்து கிளினிக்கில் தூசி அலர்ஜி என்று சொல்லி சிரப்பும் மாத்திரையும் கொடுத்தார்கள். நிற்கவில்லை.

கம்பெனியில் நீல நிற மாஸ்க் கொடுக்கிறார்கள். அது தினமும் கிடைக்காது என்பதால் அம்மா துவைத்துக் காயப்போட்டுத் திரும்பப் போடுகிறார். அது நழுவுகிறது என்று முதலில் ஒரு துணியைக் கட்டி, அதன் மேல் மாஸ்க்கை மாட்டிக்கொள்கிறார். நல்ல மாஸ்க்காக நானே வாங்கித் தரலாம் என்று பார்த்தால் என்95, எஃப்எஃப்பி2, கார்பன், வால்வு என்று கடையில் ஏதேதோ சொல்கிறார்கள். எதை வாங்குவது? உடம்பு சரியில்லை என்று கம்பெனியில் சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.


பதில்: பச்சிலை

ஆடாதோடைக் கஷாயம், இரவில் நொச்சி போட்டு ஆவி. எங்கள் வீட்டில் இருமலுக்கு இதுதான். தூதுவளை ரசமும் வைத்துக் கொடுங்கள்.


பதில்: நைட் ஷிப்ட்

நான் காம்பாக்டர் லாரியில் ஹெல்பர். என்95 நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் வண்டியில் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்ததும் உள்ளே பிளேடு இறங்கி அழுத்தும். கட்டிப்போட்ட பைகள் அப்போது வெடிக்கும். சாம்பல், சுண்ணாம்பு, பூச்சி மருந்துப் பொடி, யார் எதைக் கட்டிப் போட்டார்களோ அது முகத்தில் அடிக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் மாஸ்க் வேண்டும். ஆனால் அதே நிமிஷத்தில்தான் டிரைவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். "வா வா வா... ஓல்டான்!" என்று நான் கத்துவது மாஸ்க்கைத் தாண்டி அவருக்குக் கேட்காது. பின்னால் தொட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் இன்னொருத்தர் நிற்பார். குரல் கேட்காமல் டிரைவர் இன்னும் ஒரு அடி ரிவர்ஸ் எடுத்தால் என்ன ஆகும்? அதனால் கழுத்துக்கு இறக்கிவிடுவோம்.

வியர்வை வேறு. மாஸ்க் நனைந்தால் மூக்கோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் காற்று வராது. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் எல்லோரும் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்போம். போட்டோ போனதும் கழற்றிவிடுவோம். போடாதவனுக்கு மெமோ உண்டு. வேலை செய்ய முடிகிற மாதிரி ஒரு மாஸ்க்கைக் கொடுங்கள் என்று கேட்டால் பதில் இல்லை. உங்கள் அம்மாவுக்கு நல்லதாக வாங்கிக் கொடுங்கள், ஆனால் போட மறுத்தால் திட்டாதீர்கள்.


பதில்: ஸ்பைரோ அக்கா

கண்ணு, நீ எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பரிசோதனை டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை. ஆனால் குப்பை வேலை செய்கிறவர்கள் வந்து உட்கார்ந்து குழாயில் ஊதுவதை வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாஸ்க்கைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரியில் காய்ச்சல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். எந்த அரசு ஆஸ்பத்திரியிலும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். காசநோய் என்றே வந்தாலும் குணமாகிற நோய்தான், மருந்தும் இலவசம். "தூசி அலர்ஜி" என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்பதற்காக இதைத் தள்ளிப்போடாதே. நாளைக்கே கூட்டிப் போ.

அது இல்லை என்று தெரிந்துவிட்டால், நீ சொன்ன மற்ற விவரங்களைப் பார்க்கலாம். சலித்த நாளில் மட்டும் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, விடிந்தால் போய்விடுகிறது, விடுமுறையில் தேவலை, வாரக் கடைசியில் மோசம். இதை மருத்துவரிடம் இதே வரிசையில் சொல். மக்கிய குப்பை கறுப்பு மண் மாதிரி தெரிந்தாலும் அதில் உயிர் நிறைய இருக்கிறது. குவியலுக்குள் சூடு ஏறும்போது அந்தச் சூட்டை விரும்புகிற பூஞ்சைகள் வளரும். ஆஸ்பர்ஜில்லஸ் என்பது அதில் முக்கியமானது. அதன் வித்துகள் இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான், அதனால் மூக்கில் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போகும். கூடவே செத்த பாக்டீரியாக்களின் உறைத் துணுக்குகள் தூசியோடு உள்ளே போகும். அதிகமாகப் போன நாளில் உடம்பு அதை எதிர்த்துக் காய்ச்சலாகக் காட்டும். காட்டிவிட்டு அடங்கிவிடும், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மறுபடி மறுபடி நடந்தால் சிலருக்கு ஆஸ்துமா வந்துவிடும். சிலருக்கு நுரையீரல் திசுவே வீங்கி, நாளாக நாளாகத் தழும்பு விழும். தழும்பு விழுந்த பிறகு மருந்தால் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். அம்மாவை நிழலான வேலைக்கு மாற்றியதில் முட்டிக்கு நல்லது நடந்தது. ஆனால் காற்றைப் பொறுத்தவரை, தெருவில் வண்டி தள்ளியதைவிட மூடிய ஷெட்டில் காய்ந்த உரம் சலிப்பது மோசமான இடம்.

பச்சிலை சொன்ன கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் தூசி உள்ளே போவதை இரவுக் கஷாயம் தடுக்காது.

சரி, மாஸ்க். நீல மாஸ்க் என்பது அறுவை சிகிச்சை அறைக்கானது. போட்டிருப்பவரின் எச்சில் எதிரே தெறிக்காமல் இருக்கத்தான் அது. கன்னத்துப் பக்கம் இரண்டு புறமும் திறந்து கிடக்கிறது, மூச்சை இழுக்கும்போது காற்று அந்த வழியாகத்தான் போகும். துவைத்தால் அதுவும் போச்சு. என்95, எஃப்எஃப்பி2 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரம். முதலாவது 95 சதவீதம், இரண்டாவது 94 சதவீதம் நுண்துகளைப் பிடிக்க வேண்டும் என்பது அளவுகோல். அம்மாவுக்கு இதில் எதுவும் சரிதான். இந்தியத் தர எண் ஐஎஸ் 9473 அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. காதில் மாட்டுகிற வகை வேண்டாம். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகைதான் முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். மூச்சை வெளியே விடுகிற வால்வு இருந்தால் உள்ளே வெக்கை குறையும். தூசி வேலைக்கு அது நல்லது. (காசநோய் இருக்கிறவர் வால்வு வைத்த மாஸ்க் போட்டால் எதிரே இருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் பரிசோதனை முதலில் என்கிறேன்.)

முக்கியமான விஷயம், உன் அம்மா துணியைக் கட்டி அதன் மேல் மாஸ்க் போடுகிறார் என்று எழுதியிருக்கிறாய். நிறையப் பெண்கள் செய்வார்கள். என்95-க்கும் தோலுக்கும் நடுவில் துணி, முந்தானை, முடி எது இருந்தாலும் அந்த இடுக்கு வழியாகத் தூசி போகும். ஆயிரம் ரூபாய் மாஸ்க் வாங்கினாலும் பயன் இல்லை. வெறும் முகத்தில் போட்டு, மூக்குத் தண்டின் மேலிருக்கிற கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி வளைத்து, இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கைப் பொத்தி (வால்வு இருந்தால் அதையும் சேர்த்துத்தான்) ஓங்கி ஊதச் சொல். கண் பக்கமோ கன்னத்துப் பக்கமோ காற்று பட்டால் சரியாக உட்காரவில்லை. பெண்களில் நிறையப் பேருக்குச் சிறிய அளவுதான் பொருந்தும். கடைக்கு அம்மாவையே கூட்டிப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்கு.

இன்னொன்று, மாஸ்க் போட்டும் நாற்றம் அடிக்கிறதே, இது போலி என்று தூக்கி எறிவார்கள். நாற்றம் என்பது வாயு. அழுகல் நாற்றம், அமோனியா நெடி எதையும் என்95 பிடிக்காது. அது துகளுக்கு மட்டும். மெல்லிய கார்பன் அடுக்கு வைத்த மாஸ்க் நாற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நைட் ஷிப்ட் தம்பியும் இதைக் கவனிக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியிலோ, குப்பைச் சாறு தேங்குகிற குழியிலோ யாராவது இறங்கச் சொன்னால் எந்த மாஸ்க்கை நம்பியும் இறங்கக் கூடாது. அங்கே இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். தெரியவில்லை, ஆபத்து இல்லை என்று நினைக்கிற நேரத்தில் ஆள் விழுந்துவிடுவார்.

மாஸ்க் போடாதவருக்கு மெமோ கொடுப்பதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் அறைக்கு வந்தவர்கள் யாரும் உயிர் மேல் ஆசை இல்லாதவர்கள் இல்லை. ஏப்ரல் மே மாதத்தில் தகர ஷெட்டுக்குக் கீழே மண்வெட்டி பிடிக்கிறவர் எட்டு மணி நேரமும் என்95 போட முடியாது. அதனால் வேலையில் தூசி கிளம்புகிற கட்டத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அம்மாவுக்கு அது சலிக்கிற நேரம், மூட்டை பிடிக்கிற நேரம், ஷெட்டைப் பெருக்குகிற நேரம். அந்த நேரத்துக்கு மட்டும் மாஸ்க்கைக் கண்டிப்பாகப் போட்டு, நடு நடுவே வெளியே வந்து காற்று வருகிற பக்கம் நின்று கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பலாம். அப்படி என்றால் போடுவார்கள், பார்த்திருக்கிறேன்.

அதைவிட மேல், தூசியே கிளம்பாமல் செய்வது. உரத்தை மொறமொறப்பாகக் காயவைத்துச் சலிக்கச் சொல்வது யார்? கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகச் சேர வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்த ஈரத்தில் சலித்தால் சல்லடையும் அடைக்காது, தூசியும் பறக்காது.

மூச்சுப் பரிசோதனைக்கும் எழுதி வாங்கு. ஸ்பைரோமெட்ரி என்பார்கள். மூக்கில் கிளிப் போட்டு, அட்டைக் குழாயை வாயில் கவ்வி, நெஞ்சு நிறைய இழுத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க!" என்று நாங்கள் பக்கத்தில் நின்று கத்துவோம். குறைந்தது ஆறு விநாடி ஊத வேண்டும். அப்புறம் மூச்சுக் குழாயை விரிக்கிற மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். இரண்டாவது தடவை நன்றாகக் கூடினால் ஆஸ்துமா வகை என்று மருத்துவர் யோசிப்பார். எக்ஸ்ரேயில் எதுவுமே தெரியாதவர்களுக்கும் இதில் தெரிந்துவிடும். பெண்கள் கூச்சப்பட்டு மெல்ல ஊதுவார்கள், அப்படிச் செய்தால் கணக்கு தப்பாகும். வீட்டிலேயே சொல்லி அனுப்பு.


பதில்: சங்கத்து ஆள்

வேலை பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

மாஸ்க்கை நீங்கள் உங்கள் காசில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அவசரத்துக்கு வாங்குங்கள், தவறில்லை. ஆனால் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சீருடை, ஒளிரும் மேல்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகக்கவசம் எல்லாம் குப்பையைக் கையாளும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நடத்துபவர் தர வேண்டும், அவை பயன்படுத்தப்படுவதையும் உள்ளாட்சி உறுதி செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்று அதில் விலக்கு இல்லை. வாங்கியதற்கு மஸ்டர் என்கிற பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். கொடுக்காத பொருளுக்கு அம்மா கையெழுத்துப் போட வேண்டாம், அல்லது தேதி போட்டு எத்தனை வாங்கினோம் என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். பின்னால் இதுதான் கைகொடுக்கும்.

அடுத்தது சம்பளச் சீட்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் ஈஎஸ்ஐ வரம்புக்குள் வருவார். அவர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பிடித்தம் இருந்தால் அம்மாவின் காப்பீட்டு எண்ணை எடுத்துக்கொண்டு ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போங்கள், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். வேலைக்குப் போக முடியாத நாளுக்கு நோய்க்காலப் பலனாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை உண்டு. இதெல்லாம் தானம் இல்லை, அம்மாவின் சம்பளத்தில் பிடித்ததற்கு ஈடு.

அக்கா சொன்ன நோயைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஈஎஸ்ஐ-க்கான சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் இருக்கிறது. வேலை இடத்துப் பொருளால் வரும் ஆஸ்துமாவும், உயிர்த் தூசியை மூச்சில் இழுப்பதால் காற்றுப் பைகளில் வரும் ஒவ்வாமை அழற்சியும் அதில் உண்டு. அந்தப் பட்டியலில் சேர்ந்தால் அதை வேலையில் பட்ட காயத்துக்குச் சமமாகக் கணக்கெடுப்பார்கள், பலனும் கூடும். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் அம்மாவின் வேலை என்ன என்று எழுதப்படவே இல்லை என்றால் எதுவும் நடக்காது. பெரும்பாலான சீட்டுகளில் "இருமல், 3 மாதம்" என்று மட்டும்தான் இருக்கும். "உரம் சலிக்கும் வேலை, வேலை நாளில் அதிகம், விடுமுறையில் குறைவு" என்று மருத்துவர் தன் கையால் எழுதும்படி பணிவாகக் கேட்டு வாங்குங்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாகப் போராட்டத்தில் உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு அரசு அறிவித்த திட்டங்களில் ஒன்று, தூய்மைப் பணியாளர்களுக்கு வரும் நுரையீரல், தோல் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தருவதற்கானது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்பதைவிட அதே மையத்தில் இருமுகிற நாலு பேர் சேர்ந்து கேட்பது நல்லது. அம்மா ஒருவருக்கு மட்டும் இருமல் இருக்க வாய்ப்பே இல்லை. கேட்டுப் பாருங்கள்.


கேட்டவர்: கடைக்குட்டி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. எக்ஸ்ரேயும் பரவாயில்லை என்றார்கள். ஊதுகிற பரிசோதனையில் மூச்சுக் குழாய் சுருங்கியிருக்கிறது, மருந்து உறிஞ்சிய பிறகு நன்றாகக் கூடியது என்று மருத்துவர் சொன்னார். வேலையைப் பற்றிச் சீட்டில் எழுதச் சொன்னேன், மறுக்காமல் எழுதிக் கொடுத்தார். இன்ஹேலர் இரண்டு கொடுத்திருக்கிறார்கள், ஒன்று தினமும், ஒன்று இளைப்பு வரும்போது. இன்ஹேலர் பழகிவிட்டால் ஆயுசுக்கும் விடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் அம்மா தினமும் போடுகிறதைப் போட மாட்டேன் என்கிறார்.

சங்கத்து அண்ணன் சொன்னது உண்மை. அம்மாவோடு சலிக்கிற இன்னொரு அக்காவுக்கும் அதே ராத்திரிக் காய்ச்சலாம். வெளியே சொல்லாமலே இருந்திருக்கிறார்.

உரத்தை ஈரமாகச் சலிப்பது பற்றிக் கேட்டோம். ஈரமாக இருந்தால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கிறது, வாங்குகிறவர்கள் குறை சொல்கிறார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். என்ன செய்வது? தலைப்பட்டை வைத்த மாஸ்க் சிறிய அளவில் வாங்கிவிட்டேன். எத்தனை நாள் போடலாம்?


பதில்: ஸ்பைரோ அக்கா

காசநோய் இல்லை என்பதே பெரிய நிம்மதி. இன்னொரு அக்காவையும் இதே வாரத்தில் அனுப்பு, தள்ளிப்போட வேண்டாம்.

இன்ஹேலர் விஷயத்தில் நான் கெஞ்சிக் கேட்கிறேன், அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. அம்மா, மாத்திரையாக விழுங்கினால் உடம்பு பூராவும் போகிற மருந்தை, நேராக மூச்சுக் குழாயில் கொஞ்சமாக வைப்பதுதான் இன்ஹேலர். போதைப் பழக்கம் எதுவும் இல்லை. இளைப்பு வரும்போது போடுகிறது குழாயை அப்போதைக்கு விரிக்கும், அவ்வளவுதான். தினமும் போடுகிறதுதான் உள்ளே இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்களை நடு ராத்திரியில் ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை கிடைக்கும், அதை மாட்டி உறிஞ்சினால் மருந்து தொண்டையில் தங்காமல் உள்ளே போகும். தினமும் போடுகிறதைப் போட்ட பிறகு தண்ணீர் விட்டு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

சூப்பர்வைசர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஈர மூட்டையில் பூஞ்சை பிடிக்கும்தான். ஆனால் வழி இருக்கிறது. மிதமான ஈரத்திலேயே சலித்துவிட்டு, சலித்த பொடியை நிழலில் பரப்பி ஆறவிட்டு, அப்புறம் மெதுவாக அள்ளி மூட்டை பிடிக்கலாம். தூசி பறப்பது காய்ந்ததை ஆட்டும்போதுதான், காயும்போது அல்ல. சல்லடையை ஷெட்டுக்கு நடுவில் வைக்காமல் திறந்த பக்கம் வைத்து, காற்று முதுகில் படுகிற மாதிரி நிற்க வேண்டும். காற்று திசை மாறினால் ஆளும் மாற வேண்டும், இதற்குச் செலவே கிடையாது. மேலிருந்து கூடையைக் கவிழ்க்காமல் சல்லடையோடு ஒட்டிக் கொட்ட வேண்டும். தரையை வெறும் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்க வேண்டும். முடிந்தால் கொஞ்ச நாளைக்கு அம்மாவைச் சலிக்கிற வேலையிலிருந்தே மாற்றித் தரம் பிரிக்கிற இடத்தில் போடச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிய சீட்டின் நகலைக் கொடுத்து எழுத்து மூலமாகக் கேளுங்கள். ஆனால் அம்மா இடத்தில் இன்னொரு பெண்ணை அதே காய்ந்த உரத்தோடு உட்கார வைத்தால் அடுத்த வருஷம் அவளுக்காக அவள் பிள்ளை இங்கே எழுதும். அதனால் ஈரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாஸ்க்குக்கு நாள் கணக்கு சொல்ல முடியாது. மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தால், பட்டை தளர்ந்தால், ஓரம் கிழிந்தால், நனைந்தால், உள்பக்கம் அழுக்குப் படிந்தால் மாற்ற வேண்டும். உரம் சலிக்கிறவருக்கு அது சீக்கிரமே வந்துவிடும், அதனால் ஒன்றை வைத்து ஓட்டலாம் என்று நினைக்காதே. துவைக்கவே கூடாது. அதன் நாருக்குள் மின்னூட்டம் ஏற்றித்தான் நுண்தூசியைப் பிடிக்கிறார்கள், சோப்போ ஸ்பிரிட்டோ பட்டால் அது போய்விடும். பார்க்க வெள்ளையாக இருக்கும், வேலை செய்யாது. வேலை முடிந்ததும் காகித உறையில் போட்டு வைக்கலாம். சாப்பாட்டுப் பையில் போடக் கூடாது, கழுத்தில் தொங்கவிடவும் கூடாது. வேலைப் புடவையை மையத்திலேயே மாற்றிக்கொண்டு, முகம் தலை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தால் வீட்டிலிருக்கிற குழந்தைகளுக்கும் நல்லது.

கடைசியாக ஒரு சின்னக் கருவி. பீக் ஃப்ளோ மீட்டர் என்று மருந்துக் கடையில் கேள், சில நூறு ரூபாய்தான். நின்றுகொண்டு, முள்ளைக் கீழே தள்ளி, மூச்சை நிறைய இழுத்து ஒரே வேகத்தில் 'ஹப்' என்று ஊத வேண்டும். மூன்று தடவை ஊதி அதில் அதிகமானதை எழுது. காலை எழுந்ததும், வேலைக்கு நடுவில், வேலை முடிந்து, படுக்கும் முன் என நாளுக்கு நான்கு தடவையாவது. மூன்று நான்கு வாரம், விடுமுறை நாளையும் சேர்த்து. ஒரு நோட்டில் தேதி, நேரம், எண், அன்று என்ன வேலை என்று நாலு பத்தி போட்டுக்கொள். வேலை நாளில் எண் இறங்கி விடுமுறையில் ஏறுவது அந்த நோட்டில் தெரிந்தால், சங்கத்துத் தம்பி சொன்ன பட்டியலுக்கு அதுவே பெரிய சாட்சி. ஈஎஸ்ஐ மருத்துவரும் அதைத்தான் கேட்பார்.


பதில்: நைட் ஷிப்ட்

அக்கா, ஒரு கேள்வி. எனக்கு இருமல் இல்லை, ஆனால் காலையில் சளி கறுப்பாக வருகிறது. பீடி உண்டு, மறைக்கவில்லை. ஊதிப் பார்க்க வேண்டுமா? குரல் கொடுப்பதற்கு என்ன செய்யலாம்?


பதில்: ஸ்பைரோ அக்கா

கண்டிப்பாக ஊதிப் பார்க்க வேண்டும் தம்பி. இருமல் வருவதற்கு முன்னாலேயே ஊதி ஒரு எண்ணை வைத்துக்கொண்டால்தான், இரண்டு வருஷம் கழித்து எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். பீடியைச் சொல்லித் திட்ட மாட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் விடுவதற்கு உதவி செய்கிறார்கள், கேளுங்கள். பீடியும் குப்பைத் தூசியும் சேர்ந்து அரிப்பது தனித்தனியாக அரிப்பதைவிட மோசம். பீடி குடிக்கிறான் என்று சாக்குச் சொல்லித் தூசிக்கான பொறுப்பை யாரும் கழற்றிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குரலுக்கு விசில். கயிற்றில் கட்டினது வேண்டாம், மாஸ்க்கைக் கழற்றி ஊத வேண்டியிருக்கும். கையில் அழுத்தினால் சத்தம் வருகிற எலக்ட்ரிக் விசில் இருக்கிறது, கையுறையோடும் அழுத்தலாம். வண்டிக்குப் பின்னால் மணி பொத்தான் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது. ஒரு தடவை அழுத்தினால் வா, இரண்டு தடவை என்றால் நில் என்று டிரைவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பை வெடிக்கிற அந்த ஒரு நிமிஷம் மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும்.